நோயாளி அனுபவக் கருத்தாய்வு: எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்?

மருத்துவமனையில் கருத்தாய்வு நடத்தும் பொறுப்பு வந்து சேரும் எவரும் முதலில் கேட்பது, “எத்தனை ஃபார்ம் அடிக்கணும்?” என்பதுதான். யாரோ “385” என்பார்கள். வேறொருவர் “பத்து சதவீதம் எடுத்தால் போதும்” என்பார். இரண்டு பதிலும் கேள்வியை முழுதாகக் கேட்காமல் சொன்னவை. அந்த 385 எங்கிருந்து வருகிறது, எப்போது பொருந்தும், எப்போது கைவிடும் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கான எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கால்குலேட்டர் போதும்.

நோயிலிருந்து எழுந்து வந்தவரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குகிறோம். தேவைக்குமேல் ஆயிரம் பேரைத் தொந்தரவு செய்வது தவறு. போதாத எண்ணிக்கையில் கேட்டுவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாமல் அறிக்கையை மூடி வைப்பது அதைவிடப் பெரிய தவறு. பதில் சொன்னவர்களின் நேரம் முழுதும் வீணாகிறது.

படி 1: இந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள்?

மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரின் பதில் வேண்டும் என்பதை, தீர்மானிப்பது சூத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பது நீங்கள் கடைசியில் போடப்போகும் அட்டவணை. ஆகவே முதல் வேலையாக, ஒரு கேள்விகூட எழுதுவதற்கு முன்னால், வெற்று அறிக்கையை வரையுங்கள். “மருத்துவமனை முழுக்க ஒரே எண்” மட்டும் போதுமா? வார்டு வாரியாகவா? போன காலாண்டோடு ஒப்பிட வேண்டுமா? பெண்கள், முதியவர்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமா?

அட்டவணையில் தனியாக நிற்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாகப் போதுமான பதில்கள் வேண்டும். மொத்தம் 400 பதில் வந்தது என்பது நிறைவாகத்தான் இருக்கும். அதைப் பத்து வார்டுகளாகப் பிரித்தால் ஒரு வார்டுக்கு 40. அந்த நாற்பதை வைத்து “இந்த வார்டில் நர்சுகளின் கவனிப்பு சரியில்லை” என்று எழுதினால், அங்கே வேலை செய்பவர்களுக்கு அநியாயம் செய்கிறோம். எண்ணிக்கையைப் பற்றி நான் வலியுறுத்த விரும்புவது முக்கியமாக இதுதான்: எந்த மட்டத்தில் முடிவெடுக்கப் போகிறீர்களோ, அந்த மட்டத்தில்தான் கணக்குப் போட வேண்டும்.

படி 2: யாரெல்லாம் பட்டியலில் வருவார்கள்?

முழுமைத்தொகுதி என்று புள்ளியியலில் சொல்வது, நாம் யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவர்கள் எல்லோரும். “நம் நோயாளிகள்” என்றால் போதாது. உள்நோயாளியா, புறநோயாளியா? குறைந்தது ஓர் இரவு தங்கியவர்களா? அதே மாதத்தில் மூன்று முறை சேர்ந்தவரை மூன்று பேராக எண்ணுவதா, ஒருவராகவா? குழந்தைக்காகப் பெற்றோர் பதில் சொல்லலாமா? இறந்தவர்களின் வீட்டுக்கு “உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?” என்று எஸ்எம்எஸ் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இந்தப் படியில்தான் இருக்கிறது. பட்டியலை அனுப்பும் நாளன்று மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

அமெரிக்க மருத்துவமனைகளில் உள்நோயாளிகளின் அனுபவத்தை அளக்கும் தேசிய அளவிலான எச்கேப்ஸ் (HCAHPS) கருத்தாய்வு இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது: 18 வயது நிரம்பியவர், குறைந்தது ஓர் இரவு தங்கியவர், உயிருடன் டிஸ்சார்ஜ் ஆனவர், முதன்மை நோய் மனநலம் சார்ந்ததாக இல்லாதவர். தொடர்பு கொள்வது டிஸ்சார்ஜுக்குப் பின் 48 மணி நேரம் கழித்து, 42 நாட்களுக்குள். உங்கள் வரையறை வேறாக இருக்கலாம். அது எழுத்தில் இருக்க வேண்டும், அடுத்த முறையும் அதுவே இருக்க வேண்டும்.

படி 3: எவ்வளவு பிழையைத் தாங்குவீர்கள்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருப்பதால் சரியாகிறது. மனிதர்களின் அனுபவம் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகரும். அந்த நகர்வுக்கு நாம் ஒதுக்கும் இடம்தான் பிழை வரம்பு. 78% பேர் திருப்தி, பிழை வரம்பு ±5 என்றால், உண்மை 73-க்கும் 83-க்கும் நடுவில் இருக்கும் என்கிறோம். 95% நம்பிக்கை நிலை என்பது, இதே முறையில் நூறு முறை கருத்தாய்வு நடத்தினால் ஏறக்குறைய 95 முறை நாம் சொல்லும் இடைவெளிக்குள் உண்மை அகப்படும் என்ற உறுதி.

மருத்துவமனை அளவில் ±5, வார்டு அளவில் ±10 என்பது பெரும்பாலான பயன்பாட்டுக்குப் போதும். ±2 வேண்டும் என்று கேட்பவர்களிடம், 80-ஐயும் 82-ஐயும் வைத்து நீங்கள் வேறு வேறு நடவடிக்கை எடுப்பீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தத் துல்லியம் தேவையில்லை.

படி 4: அடிப்படைக் கணக்கு

“ஆம்/இல்லை” வகைக் கேள்விக்கு, அல்லது “மிகவும் நன்று” என்று எத்தனை சதவீதம் பேர் சொன்னார்கள் என்று பார்ப்பதற்கு, 95% நம்பிக்கை நிலையில் சூத்திரம் இது:

தேவையான பதில்கள் = 1.96 × 1.96 × விகிதம் × (1 − விகிதம்) ÷ (பிழை வரம்பு × பிழை வரம்பு)

விகிதம் என்பது கேள்விக்கு “ஆம்” சொல்வோரின் பங்கு. கேட்காமலே அது எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் 0.5 என்று வைத்துக்கொள்கிறோம். அந்த இடத்தில்தான் தேவை உச்சத்தில் இருக்கும், எனவே வேறு எந்த விடை வந்தாலும் எண்ணிக்கை போதும். 0.5 போட்டால் மேலே இருப்பது எப்போதும் 0.9604 ஆகிவிடும். அதைப் பிழை வரம்பின் (±5 என்றால் 0.05) வர்க்கத்தால் வகுத்தால் முடிந்தது:

±10 என்றால் 97
±7 என்றால் 196
±5 என்றால் 385
±3 என்றால் 1,068
±2 என்றால் 2,401

பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு பதில் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ±10-லிருந்து ±5-க்கு வர 97 என்பது 385 ஆகிறது. துல்லியத்தின் விலை இப்படித்தான் ஏறும்.

முந்தைய கருத்தாய்வுகளில் விடை நிலையாக 85% பக்கம் வந்திருந்தால் 0.5-க்குப் பதில் 0.85 போடலாம். அப்போது ±5-க்கு 196 பதிலே போதும். ஒரே ஒரு கேள்விக்காக நடத்தினால் இந்தச் சிக்கனம் சரி. இருபது கேள்விகள் இருக்கும் ஃபார்மில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் காத்திருப்பு நேரமோ டிஸ்சார்ஜ் விளக்கமோ, 50% பக்கம் விழும். அங்கே மாட்டிக்கொள்வீர்கள். நான் 0.5-ஐ மாற்றமாட்டேன்.

கேள்வியின் வகை மாறினால் கணக்கும் மாறும். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் வாங்கி சராசரி பார்ப்பதாக இருந்தால், 1.96-ஐத் திட்டவிலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பெருக்கி, பிழை வரம்பால் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். திட்டவிலக்கம் 2, பிழை ±0.3 என்றால் 171. மருத்துவமனையைப் பிறருக்குப் பரிந்துரைப்போர் சதவீதத்திலிருந்து பரிந்துரைக்காதோர் சதவீதத்தைக் கழித்து வரும் மதிப்பெண்ணில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பரிந்துரைப்போர் 50%, பரிந்துரைக்காதோர் 20% என்றால் ±5 புள்ளிக்கு 938 பதில்கள் வேண்டும். 385-ஐ வைத்து அந்த மதிப்பெண்ணை மாதாமாதம் வரைபடம் போட்டால், ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் வெறும் தற்செயல்.

படி 5: மொத்தம் குறைவு என்றால் கழிவு உண்டா?

உண்டு. முதலில் வந்த எண்ணை “அ” என்று வைத்துக்கொண்டால்:

திருத்திய எண் = அ ÷ (1 + (அ − 1) ÷ மொத்த நோயாளிகள்)

±5-க்கு, திருத்தும்போது முழு எண்ணாக்காத 384.16-ஐப் போட்டால்: மொத்தம் 100 பேர் என்றால் 80, 300 என்றால் 169, 1,200 என்றால் 292, 10,000 என்றால் 370, ஒரு லட்சம் என்றால் 383. இந்த வரிசையே “பத்து சதவீதம் எடு” என்ற பழக்கத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறது. நூறு பேரில் பத்து சதவீதம் எதற்கும் போதாது. ஒரு லட்சத்தில் பத்து சதவீதம் பத்தாயிரம், அவ்வளவு தேவையே இல்லை.

ஆனால் இந்தக் கழிவை எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. “மார்ச் மாதம் டிஸ்சார்ஜ் ஆன 1,200 பேர் என்ன நினைத்தார்கள்” என்பது மட்டும்தான் கேள்வி என்றால் 292 சரியே. பெரும்பாலும் நாம் கேட்பது அதுவல்ல. நம் சேவை எப்படி இருக்கிறது, நாளை வருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று அறியத்தான் கேட்கிறோம். அப்படிப் பார்த்தால் அந்த 1,200 பேரே, இனி வரப்போகிறவர்களையும் சேர்த்த ஒரு பெரிய கூட்டத்தின் மாதிரிதான். மொத்தம் சிறியது என்ற வாதம் அங்கே நிற்காது. சேவையைச் செப்பனிடுவதற்காக நடத்தும் ஆய்வில் கழிவு எடுக்காமல் 385-இலேயே நிற்பது நல்லது. கீழே வரும் கணக்கும் அப்படியே.

படி 6: பதிலிலிருந்து அழைப்புக்கு

இதுவரை வந்த எண்கள் எல்லாம் கைக்கு வந்து சேர வேண்டிய பதில்கள். அனுப்ப வேண்டியது வேறு. 385 ஃபார்ம் அடித்து, 385 பேருக்குக் கொடுத்து, 110 திரும்பி வந்த பிறகு “மாதிரி அளவு 385” என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,200 டிஸ்சார்ஜ். முன் அனுபவத்தில் பத்தில் மூன்று பேர் பதில் சொல்கிறார்கள். கொடுத்த தொலைபேசி எண்களில் நூற்றுக்கு ஐந்து வேலை செய்வதில்லை. 385-ஐ 0.30-ஆல் வகுத்தால் 1,284. அதை 0.95-ஆல் வகுத்தால் 1,352. மாதத்துக்கு மொத்தமே 1,200 பேர்தான்! ஒரு மாதத்தில் இது நடக்காது. இரண்டு வழி உண்டு. காலத்தை நீட்டி மூன்று மாதமாக்கினால் 3,600 பேரில் 1,352 பேரிடம் கேட்டால் போதும். அல்லது பதில் விகிதத்தை உயர்த்தலாம். நினைவூட்டல் அனுப்பி, கேள்விகளைக் குறைத்து, அவரவர் மொழியில் கேட்டு 45%-க்குக் கொண்டுவந்தால் 901 அழைப்பு போதும், ஒரே மாதத்தில் முடியும். இரண்டில் எதற்கு உழைப்பது என்று கேட்டால் இரண்டாவதற்கு என்பேன். காரணம் படி 9-இல்.

முந்தைய பதில் விகிதமே தெரியாவிட்டால் ஐம்பது பேருக்கு முன்னோட்டமாக அனுப்பிப் பாருங்கள். ஊகத்தில் 60% என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 7: வார்டு வாரியாகப் பிரிக்கும்போது

அதே மருத்துவமனையில் ஐந்து வார்டுகள். காலாண்டுக்கு டிஸ்சார்ஜ் 1,500, 800, 650, 500, 150. ஒவ்வொன்றுக்கும் ±10 வேண்டும் என்றால் 97 பதில், அதாவது பழைய 30% பதில் விகிதத்திலும் 5% வேலை செய்யாத எண்களோடும் 341 அழைப்பு. முதல் நான்கு வார்டுகளில் சிக்கல் இல்லை. ஐந்தாவதில் 150 பேர்தான் இருக்கிறார்கள். எல்லோரிடமும் கேளுங்கள். ஏறக்குறைய 43 பதில் வரும், பிழை ±15. அந்த வார்டுக்குக் காலாண்டு எண் வெளியிடாமல் நான்கு காலாண்டுகளைச் சேர்த்தால் 171 பதில், ±7.5. சிறிய வார்டுக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் பொறுமைதான்.

மொத்த அழைப்பு 341 நான்கு முறை, கூட 150: 1,514. எதிர்பார்க்கும் பதில் 431. இங்கே ஒரு எச்சரிக்கை. பெரிய வார்டிலிருந்தும் சிறிய வார்டிலிருந்தும் அவற்றின் அளவுக்குப் பொருந்தாத பங்கில் எடுத்திருக்கிறோம். மருத்துவமனைக்கான ஒரே எண்ணைச் சொல்லும்போது எல்லாப் பதில்களையும் ஒரே குவியலாகக் கூட்டக் கூடாது. 1,500 பேர் உள்ள வார்டில் 97 பதிலில் 80% திருப்தி, 150 பேர் உள்ள வார்டில் 43 பதிலில் 60% திருப்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். குவித்துக் கூட்டினால் 74%. டிஸ்சார்ஜ் எண்ணிக்கைப்படி எடையிட்டால் 78%. இரண்டாவதுதான் சரி. எடையிடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது: இந்தத் திட்டத்தின் 431 பதில்கள் மருத்துவமனை அளவிலான எண்ணுக்கு ஏறத்தாழ 350 பதில்களின் வலுவைத்தான் தரும். ±5 என்று நினைத்தது 5-க்குச் சற்று மேலே போகும்.

வேறொரு நிலைமை: பல மருத்துவமனைகள் கொண்ட குழுமத்தில் எல்லா இடத்துக்கும் போக முடியாமல் சில இடங்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருபது பேரைக் கேட்பது. ஒரே இடத்தில் சிகிச்சை பெற்றவர்களின் அனுபவம் ஒன்றுபோல இருக்கும். இருபதாவது ஆள் முழுதும் புதிதாக எதையும் சொல்வதில்லை. இதற்கு வடிவமைப்பு விளைவு என்று பெயர்: 1 + (ஓரிடத்தில் எடுக்கும் எண்ணிக்கை − 1) × ஒற்றுமைக் கெழு. ஓரிடத்தவரின் பதில்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைச் சொல்வது இந்தக் கெழு. கெழு 0.05 என்றால் இருபது பேருக்கு 1.95. 385 என்பது 751 ஆகிவிடும். ஓரிடத்தில் பத்து பேரோடு நிறுத்தி, இடங்களைக் கூட்டினால் 559 போதும்.

படி 8: முன்னேற்றத்தைக் காட்ட வேண்டுமா?

ஒரு காலாண்டின் நிலையைச் சொல்வதும், இரண்டு காலாண்டுகளுக்கு நடுவில் மாற்றம் உண்டா என்று சொல்வதும் வேறு வேறு. இரண்டு பக்கமும் பிழை இருப்பதால் ஒப்பிடுவதற்கு நிறைய வேண்டும். திருப்தி 70%-லிருந்து 80%-க்கு உயர்ந்தால் அதை 80% வாய்ப்போடு கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் 291 பதில் வேண்டும். 70-லிருந்து 76-க்கு உயர்வதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் 855. புதிய திட்டம் தொடங்கி, உழைத்து, ஆறு புள்ளி முன்னேறியும், இருநூறு பதிலை மட்டும் வைத்து “பலன் இல்லை” என்று திட்டத்தைக் கைவிடும் அபாயம் இங்கே இருக்கிறது. தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

அரிதாக நடப்பவற்றுக்கும் ஒரு குறிப்பு. “யாராவது உங்களிடம் பணம் கேட்டார்களா?” என்று நூறு பேரிடம் கேட்டு ஒருவர்கூட ஆம் என்று சொல்லவில்லை என்றால், அது நடக்கவே இல்லை என்று பொருளாகாது. மூன்றைப் பதில்களின் எண்ணிக்கையால் வகுங்கள்: 3 ÷ 100. உண்மையில் 3% வரை நடந்திருக்கலாம்.

படி 9: யார் பதில் சொல்லவில்லை?

எண்ணிக்கையால் தீராத பிரச்சினை இது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-இல். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரிகள் எடுக்கப்பட்டன, அதிலும் அக்கறை இருந்தவர்களே பதில் அனுப்பினார்கள். இருபது லட்சம் இருந்தும் காப்பாற்றவில்லை.

நம் கருத்தாய்விலும் இதே ஓட்டை உண்டு. மிகவும் சோர்ந்தவர், படிக்கத் தெரியாதவர், ஸ்மார்ட்போன் இல்லாதவர், வேறு மொழி பேசுபவர், கோபத்தில் எண்ணையே தடுத்துவிட்டவர் ஆகியோர் வருவதில்லை. அனுபவம் மோசமாக அமைந்திருக்க வாய்ப்புள்ளவர்களில் பலர் இவர்களே. இணைப்பை அனுப்பும் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால், பதில் சொல்லும் அதே வகை ஆட்கள் இரட்டிப்பாவார்கள். அதனால்தான் பதில் விகிதத்துக்காக உழைக்கச் சொன்னேன். பதில் சொன்னவர்களின் வயது, பாலினம், வார்டு, தங்கிய நாட்களை முழுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே குறைகிறதோ அங்கே ஒருவர் தொலைபேசியில் பேசட்டும்.

தேர்ந்தெடுக்கும் விதமும் இதில் சேரும். ஃபார்மை யாருக்குக் கொடுப்பது என்பதை வார்டு ஊழியர்களிடம் விட்டால், சிரித்த முகத்தோடு கிளம்புபவருக்குத்தான் அது போய்ச் சேரும். மனித இயல்பு அப்படி. பட்டியலை எக்செலில் போட்டு, பக்கத்து நிரலில் தற்செயல் எண்களை உருவாக்கி, அதன்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து தேவையான அளவு எடுங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடாமல் வாராவாரம் பிரித்து எடுத்தால் விடுமுறை நாட்களும் இரவு டிஸ்சார்ஜ்களும் விடுபடாது.

படி 10: பெரிய அமைப்புகளின் எண்ணோடு ஒத்துப்பாருங்கள்

எச்கேப்ஸில் ஒரு மருத்துவமனை நான்கு காலாண்டுகளில் குறைந்தது 300 முழுமையான பதில்களைப் பெற வேண்டும். கணக்கில் அது ஏறக்குறைய ±5.7. இங்கிலாந்தின் வயதுவந்த உள்நோயாளிகள் கருத்தாய்வில் மருத்துவமனைகளை நடத்தும் ஒவ்வொரு அரசு மருத்துவ அமைப்பும் (‘டிரஸ்ட்’) டிஸ்சார்ஜ் வரிசையில் 1,250 பேரை எடுக்கிறது. முதல் எண் பதில்கள், இரண்டாவது அழைப்புகள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒப்பிடுபவர்கள் நிறைய. உங்கள் எண் இவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால் தவறு என்று பொருளில்லை. ஏன் விலகுகிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

படி 11: பதில்கள் வந்த பிறகு

திட்டமிட்ட பிழை வரம்பை அறிக்கையில் எழுதாதீர்கள். வந்த பதில்களை வைத்து மறுபடி கணக்கிடுங்கள். கேள்வி வாரியாகவும் பாருங்கள், சிலர் சில கேள்விகளைத் தாண்டிப் போயிருப்பார்கள். முப்பதுக்கும் குறைவான பதில் உள்ள கட்டத்தில் சதவீதம் போடாமல் அவர்கள் எழுதிய சொற்களைப் படியுங்கள். பன்னிரண்டு பேர் எழுதிய வாக்கியங்களுக்கு மதிப்பு உண்டு, “பன்னிரண்டில் 58%” என்பதற்குக் கிடையாது.

மேலே எடுத்துக்கொண்ட மருத்துவமனையின் அட்டவணைக்குக் கீழே வர வேண்டிய குறிப்பு இப்படி இருக்கும்:

“இந்தக் காலாண்டில் டிஸ்சார்ஜ் ஆன 3,600 பேரில் 1,514 பேருக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. நான்கு வார்டுகளில் தற்செயல் முறையில் தேர்வு நடந்தது, ஐந்தாவது வார்டில் அனைவரும் அழைக்கப்பட்டனர். 431 பேர் பதில் அளித்தனர் (28%). வார்டு அளவின்படி எடையிட்ட பின் திருப்தி 78%, பிழை வரம்பு ±4.4. ஐந்தாவது வார்டின் எண் ஆண்டு இறுதியில் வெளியிடப்படும். சென்ற காலாண்டைவிட 3 புள்ளி கூடுதலாகத் தெரிந்தாலும், அதை முன்னேற்றம் என்று சொல்ல இந்த எண்ணிக்கை போதாது.”